ஆறாவது முடிச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் முன்கோபக்காரன். பசறைக் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்து வேன் டிரைவர் தம்பையாவா, அந்த ஆளிடம் வாயைக் கொடுக்காதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஐம்பத்து நாலாம் வருஷத்து ஐப்பசியில் நான் கோபப்பட்டதற்கெல்லாம் காரணம் இருந்தது. அந்தக் காரணங்கள் ஒன்றுவிடாமல் பிழையாய்ப் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் வேன் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. காலையில் பசறைக்குப் போய்த் தபால் பையை எடுத்து வரும். கிளாக்கர்மார் குடும்பங்களைப் பதுளைக்குக் கொண்டுபோகும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் பின்பக்கம் பாயை விரித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடும். முன்சீட்டு உத்தியோகத்தர்களுக்கு மட்டும். தொழிலாளி ஏறுவதென்றால் நோயாளியாக இருக்க வேண்டும், அதுவும் பின்னால்தான். சட்டம் போட்டது தோட்டத்தை நடத்தும் துரை. அதைக் கட்டிக் காத்தது நான்.

வண்டியில் உட்காருவதற்கு முன் நான் மலையில் கவ்வாத்து வெட்டினவன். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி வெட்டி உள்ளங்கை காய்த்துப்போனவன். பழைய டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன அன்று வண்டியைத் தள்ள வந்தவன் நான், ஓட்டிக் காட்டினேன். அன்றிலிருந்து பதினொரு வருஷம் காக்கிச் சட்டையும் தொப்பியும்தான். அந்த வருஷம் வந்திருந்த புதுத் துரைக்கு வேனை விற்றுவிட்டு லொறி வாங்கலாமா என்று ஒரு யோசனை. லொறி வந்தால் கொழும்பிலிருந்து அதற்கென்று ஒரு டிரைவரும் வருவான். எனக்கு மறுபடியும் கவ்வாத்துக் கத்திதான். வருகிற திங்கட்கிழமை தேயிலை பெக்டரி வாசலில் தானே வந்து பார்ப்பதாகவும், வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஒழுங்காக நின்று ஓடினால் வைத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் விற்றுவிடுவதாகவும் துரை சொல்லி அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சனியன் சதி செய்யத் தொடங்கியது.

ஆயுத பூசை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. காலைக் குளிரில் முன்னால் கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். பூசை முடிந்த மறுநாளிலிருந்து இருபது சுற்று, இருபத்தைந்து சுற்று. தோள் கழன்றுவிடும் போல் ஆகிவிடும். அதற்கப்புறம் இருமி, தும்மி ஒரு வழியாக ஸ்டார்ட் ஆனால், நிறுத்தி வைத்த இடத்தில் நிற்காது. உடம்பெல்லாம் உதறும். தபால் பை சீட்டிலிருந்து தானாகவே கீழே இறங்கும். பின்னால் புகை கன்னங்கரேல் என்று வரும். மிதியிலிருந்து காலை எடுத்தால் பொசுக்கென்று அணைந்து போகும். ஓட்டத்தில் மட்டும் ஏதோ சமாளித்துக்கொள்ளும்.

முதல் சந்தேகம் பசறைப் பெற்றோல்காரன் மேல். மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவன் ஒரு போத்தலில் ஊற்றி மோந்து பார்க்கச் சொன்னான். மோந்து பார்த்தேன், பெற்றோல்தான். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அடுத்த தடவை கலக்காதே என்று எச்சரித்துவிட்டு வந்தேன். அப்புறம் பனியின் மேல் சந்தேகம் வந்தது. குளிரில் எஞ்சினை எழுப்ப இழுக்கிற சோக் குமிழை இழுத்தால் பாதி வழியில் இறுகி நின்றது. தள்ளினாலும் அப்படித்தான். குளிருக்கு விறைத்துப் போயிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். குமிழ் மணத்ததே தவிர நகரவில்லை. கடைசியில் கண்ணூறு என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் தொங்கவிட்டேன். அது உதறிய உதறலில் எலுமிச்சம்பழம் அறுந்து எங்கோ போய் விழுந்தது.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை பதுளைக்குப் போய் வாஹித் நானாவிடம் காட்டினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கராஜ் வைத்திருப்பவர். நிதானமான மனுஷர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் எஞ்சினைப் பார்த்துத்தான் பேசுவார்.

எஞ்சின் மூடியைத் திறந்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்துகொள்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு காசை மஞ்சள் துணியில் வைத்து முடிந்து, காரியம் ஆகிற வரைக்கும் கட்டி வைப்போம். நடுவில் அவிழ்க்கக் கூடாது. கட்டினவர் கைதான் அவிழ்க்க வேண்டும், மற்றவர் கை படக் கூடாது. இந்த டிரைவர் வேலை எனக்கு நிலைக்க வேண்டும் என்று நான் அவ்வப்போது முடிந்து எஞ்சினுக்குள்ளேயே கட்டி வைத்திருந்தேன். பெட்டரிப் பட்டியில் ஒன்று, மூடியைத் தாங்கும் கம்பியில் ஒன்று, அங்கே ஒன்று இங்கே ஒன்று. எல்லாம் எண்ணெயிலும் தூசியிலும் கறுத்துப் போயிருந்தன.

"தம்பையா, இது எஞ்சினா, கோயில் மரமா?" என்றார் வாஹித் நானா.

எனக்குச் சுருக்கென்று வந்தது. எதையும் தொடாமல் வேலை பார்க்க முடியுமானால் பார்க்கட்டும், இல்லாவிட்டால் பதுளையில் வேறு கராஜ் இல்லாமல் போகவில்லை என்றேன். அவர் பிளக்குகளைக் கழற்றினார். நாலும் அடுப்புக்கரி. துடைத்து மாட்டி, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உதறவிட்டு மறுபடியும் கழற்றினார். மறுபடியும் கரி. நெருப்பு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பெற்றோல் குழாயை ஊதிப் பார்த்தார், சுத்தம். புகைக் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து, அந்தக் கறுப்பை என் மூக்குக்கு நேரே காட்டினார். எஞ்சினுக்குப் பெற்றோல் கூடிப்போய்க் காற்றுப் போதாமல் மூச்சு முட்டுகிறது என்றார். குளிரில் எழும்ப மட்டும் சோக் கதவு முழுக்க மூட வேண்டும், சூடானதும் முழுக்கத் திறக்க வேண்டும், உன்னுடையது இரண்டும் இல்லாமல் பாதியில் நிற்கிறது, அதனால்தான் காலையிலும் எழும்பாது, எழும்பினாலும் நின்று ஓடாது என்று விளக்கினார். பிறகு விரலால் சோக் கம்பியைத் தொடர்ந்து போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

சோக் கதவின் சின்னத் தண்டையும் பக்கத்திலிருந்த குழாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது ஒரு மஞ்சள் துணி. கதவு மூடவும் வழியில்லை, திறக்கவும் வழியில்லை.

அவிழ்த்தால் சரியாகிவிடும், ஆனால் தன் கை படாது என்றார் அவர். கதிர்காமத்தில் எங்கள் பள்ளிவாசலும் இருக்கிறது, அந்த வாசலில் விளையாட நான் தயாரில்லை, நீ கட்டியதுதானே, நீயே அவிழ்த்துவிடு என்றார். நான் முடிச்சுகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நான் கட்டியது அவ்வளவுதான். இது ஆறாவது.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி உதறியதா நான் உதறினேனா என்று தெரியவில்லை. நேர்த்திக்காக யாரோ என் எஞ்சினுக்குள் வந்து கட்டுவார்களா? இது சூனியம். சந்தேகமே இல்லை. அதைச் செய்யக்கூடியவர் தோட்டத்தில் ஒரே ஆள்தான் என்றும் தோன்றிவிட்டது. பெரிய கிளாக்கர் கனகரத்தினம். யாழ்ப்பாணத்து ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் எந்நேரமும் குடை. புது லொறி வேண்டும் என்று துரைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததே அவர்தான். தாங்குமா எனக்கு? வெள்ளிக்கிழமை காலையில் ஒப்பீசுக்குள் நேரே நுழைந்து, என் வாயில் மண்ணைப் போடச் சூனியம் வைத்தது நீங்கள்தான் என்று கூரை அதிரக் கத்தினேன். சின்னக் கிளாக்கர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கனகரத்தினம் ஐயா எழும்பினார். குடையை எடுத்தார். வெளியே வந்து, வேனுக்குப் பக்கத்தில் குனிந்து அந்த முடிச்சைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார்.

"தம்பையா, உது கொழுந்துக் கூடைக்குத் தலைக்கயிறு கட்டுற முடிச்சு. ஒரு சுத்து, ரெண்டு மடக்கு. நான் எப்பயடா தலையிலை கூடை கொழுவிக்கொண்டு மலைக்குப் போனனான்?"

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சுத்து, ரெண்டு மடக்கு. இருபத்து மூன்று வருஷமாக என் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிற கூடையில் இருப்பதும் அதே முடிச்சுத்தான். 

லயத்துக்கு வந்தபோது பெரியாயி மலையிலிருந்து வந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என் பெண்சாதி. மகளைத் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்துப் பேரனும் பார்த்தாயிற்று. அவளுக்குக் குரல் உயராது. எனக்கும் சேர்த்து அவள் பொறுமையாக இருக்கிறாள் என்று லயத்தில் சொல்வார்கள்.

நீயா கட்டினாய் என்று கேட்டேன். ஆமாம் என்றாள், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. ஆயுத பூசையன்று மூடியைத் திறந்து வைத்துவிட்டு நான் தேங்காய் உடைக்கப் போனேனாம். பொட்டு வைக்க வந்தவள் கட்டுவதற்குத் தோதாக ஒரு மெல்லிய கம்பியைக் கண்டாளாம், கட்டிவிட்டாளாம். உங்கள் முடிச்சு அஞ்சும் சும்மாதானே கிடக்கிறது, என்னுடையது மட்டும் என்ன செய்துவிடும் என்று நினைத்தாளாம்.

எதற்காக நேர்ந்தாள் என்று கேட்டேன். அதற்குத்தான் அவள் ரொட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த வண்டி விக்கிறதுக்கு முன்னால ஒருக்கா முன்சீட்டுல குந்தி பதுளைக்குப் போகணும். அதுக்குத்தான்."

 பிறகு வந்தது பாருங்கள் கோபம். இதையெல்லாம் போய்ச் சாமியிடமா கேட்பாய், என்னிடம் கேட்டால் என்ன என்று குதித்தேன்.

"கேட்டேங்க. மூணு தடவ கேட்டேன். துரை சட்டம்னீங்க. அதான் உங்களுக்கு மேல உள்ளவருகிட்ட கேட்டேன்" என்றாள்.

இப்போதே வந்து அவிழ் என்றேன். முடியாது, காரியம் ஆகாமல் அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். கெஞ்சினேன். சாப்பிட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு படுத்தேன், ரொட்டி ஆறுகிறதே என்று எழும்பிச் சாப்பிட்டேன். கொட்டகையில் நிற்கிற வண்டியில் முன்சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறேன், போதுமா என்று கேட்டேன். பதுளைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்றாள். சரி, திங்கட்கிழமை கழியட்டும், செவ்வாய்க்கிழமை கூட்டிப் போகிறேன் என்றேன். திங்கட்கிழமைக்கு அப்புறம் வண்டி இருந்தால்தானே என்றாள். 

என் நிலைமையைப் பாருங்கள். அவளை முன்சீட்டில் ஏற்றிப்போனால் சட்டத்தை மீறியதற்கு என் வேலை போகும். ஏற்றாமல் விட்டால் முடிச்சு அவிழாது, வண்டி நின்று ஓடாது, அதற்கும் என் வேலை போகும். எந்தப் பக்கம் போனாலும் கவ்வாத்துக் கத்தி. சனிக்கிழமை துரையிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கராஜுக்குக் கொண்டுபோக அனுமதி வாங்கினேன். துரை சரி என்றார். ஆனால் திங்கட்கிழமை தனக்குப் பண்டாரவளையில் வேலை இருப்பதாகவும், ஞாயிறு பின்நேரம் திரும்பி வந்ததும் நேரே பெக்டரிக்கு வர வேண்டும், அங்கேயே பார்த்துவிடுவதாகவும் சொன்னார்.

விடிகிற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் புறப்பட்டுவிடுவது என்று திட்டம் போட்டேன். பெரியாயி கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலைக்குப் பூவும் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தோட்டத்து எல்லை தாண்டும் மட்டும் கீழே குனிந்து படுத்துக்கொள் என்றேன். படுத்துக்கொண்டு போவதற்கா நேர்ந்தேன் என்றாள். சரி, இருட்டுத்தானே என்று கைப்பிடியைப் போட்டுச் சுற்றத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. வண்டி இருமியது, வெடித்தது, அணைந்தது. ஒவ்வொரு வெடிக்கும் லயத்தில் ஒரு கதவு திறந்தது. முப்பத்தோராவது சுற்றில் ஸ்டார்ட் ஆனபோது லயமே வாசலில் நின்றது. குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்து வழி காட்டியது ஒரு புண்ணியவதி. பெரியாயி எல்லாருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். நான் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பசறைச் சந்தைக்கு நடுவில் நாலு மாட்டு வண்டிகள் வழியை மறித்து நின்றன. காலை எடுத்தேன், உடனே வண்டி அணைந்தது. நல்ல மழை வேறு. நான் இறங்கி நனைந்துகொண்டே சுற்றினேன். பெற்றோல்காரன் தன் வாசலில் நின்று மண்ணெண்ணெய் ஏதாவது வேண்டுமா என்று விசாரித்தான். நீயும் இறங்கித் தள்ளு என்று பெரியாயியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இறங்கினால் நேர்த்தி முறிந்துவிடும், பதுளை வரைக்கும் கால் தரையில் படக் கூடாது என்றாள். இந்த நிபந்தனை அவள் அங்கேயே கண்டுபிடித்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சந்தைக்கு வந்தவர்கள் ஆறு பேர் சேர்ந்து, அவளை உள்ளே வைத்தபடியே தள்ளினார்கள். மூட்டை சுமக்கிற ஒருவன் உள்ளே இருப்பது யார், புதுத் துரைசாணியா என்று கேட்டான். அவள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சீட்டு குலுங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபத்துக்கு நடுவிலும் எனக்கு அது பிடித்திருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

பதுளையில் வாஹித் நானா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சீட்டுக்குக் கீழே போட்டு, பெரியாயியை மரியாதையாக இறங்கச் சொன்னார். அவள் கைகாலைக் கழுவிக்கொண்டு, கதிர்காமம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு எஞ்சினுக்குள் கையை விட்டாள். எனக்குத் தெரிந்து நாலு நாளாக ஒரு கராஜும் ஒரு ஒப்பீசும் ஒரு டிரைவரும் தொடத் தயங்கிய முடிச்சு, கூடைக்கயிறு அவிழ்கிற மாதிரி ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. காசைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாஹித் நானா பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். சோக் குமிழை இழுத்தேன், வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது. என் தேங்காய் எண்ணெய்க்கு அன்றுதான் வேலை கிடைத்தது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன். பிடித்துக்கொண்டது. கொஞ்சம் சூடானதும் குமிழை உள்ளே தள்ளிவிட்டு இறங்கி வந்து பார்த்தேன். உதறல் இல்லை, புகை இல்லை. வாஹித் நானா தான் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீக் கோப்பையை மூடியின் மேல் வைத்தார். தேத்தண்ணி அசையவே இல்லை. அவர் அதை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

பெரியாயி பஸ் நிலையத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நேர்த்தி பதுளைக்கு வருவதற்கு மட்டும்தான், திரும்பிப் போக பஸ் இருக்கிறது, உங்கள் வேலைக்கு ஒரு கஷ்டமும் வேண்டாம் என்றாள். அவள் சொன்னதுதான் சரியான புத்தி. பெக்டரி வாசலில் துரை நிற்பார். அப்படி இருந்தும் கூறைச் சேலையோடு அவள் அந்தச் சேற்றில் போவதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. பதினொரு வருஷம் ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றினேன். சட்டத்தைச் சொல்லி இவளை மட்டும் ஏற்றாமல் விட்டேன். இன்றைக்கு வண்டி நின்று ஓடுகிறதென்றால் அதுவும் இவள் கையால்தான்.

"ஏறு" என்றேன். பஸ் வரும் என்றாள். ஏறச் சொன்னேனே, ஏறு என்று கத்தினேன். அந்த ஒரு தடவை என் கோபத்துக்கு அவள் உடனே கீழ்ப்படிந்தாள்.

பெக்டரி வாசலில் துரையும் கனகரத்தினம் ஐயாவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் போய் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, இருவருக்கும் சத்தம் கேட்கவில்லை. நான் தொண்டையைக் கனைத்த பிறகுதான் திரும்பினார்கள். துரை வண்டியைச் சுற்றி வந்தார், புகைக் குழாயைப் பார்த்தார், எஞ்சினை அணைக்கச் சொல்லி மறுபடியும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அரைச் சுற்றில் பிடித்தது. தலையை ஆட்டினார். அப்புறம்தான் அவர் பார்வை முன்சீட்டுக்குப் போனது. தலையில் வாடிய பூவோடு பெரியாயி நேராக உட்கார்ந்திருந்தாள். 

இவள் யார், தொழிலாளி எப்படி முன்னால் என்று துரை கேட்டது பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கனகரத்தினம் ஐயா இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். துரையின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டிரைவர், மெல்லப் போ. இவள் நடக்க வேணாம். லயத்து வாசலுக்குக் கொண்டுபோய் வுடு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பிறகு கிளாக்கரைப் பார்த்து, லொறி வேண்டாம், வேன் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு நடந்தார்.

 உங்களைச் சூனியக்காரர் என்று சொன்னவனை இப்படிக் காப்பாற்றினீர்களே என்று நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டேன். கனகரத்தினம் ஐயா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"நான் காப்பாத்தேல்லையடா. நீ ஒப்பீசிலை கத்தினதுக்குத்தான் திருப்பிச் செய்திருக்கிறன். உன்ரை மனிசி பிள்ளைத்தாச்சி, பின்னுக்கு இருந்து குலுங்கக்கூடாதாம் எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவையாம் எண்டு துரைக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்குத் தோட்டம் முழுக்கக் கேக்கும். நீயே பதில் சொல்லு."

குடையை விரித்துக்கொண்டு அவரும் போய்விட்டார்.

லயத்து வாசலில் எல்லாரும் பார்க்க, முன்கதவைத் திறந்து இறங்கினாள் பெரியாயி. பிடித்திருந்ததா என்று நான் கேட்டேன். நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அங்கேருந்து பாத்தா ரோட்டுல நடக்குறவுங்க ரொம்பச் சின்னதாத் தெரியிறாங்க. நீங்க ஹார்ன் அடிச்சா நாங்க கூடையோட ரோட்டோரக் கானுக்குள்ள எறங்கி நிப்போம். சேறு எங்க மேலதான் அடிக்கும். ஒரு நாளும் நீங்க திரும்பிப் பாத்ததில்ல. அதுக்குள்ள நானும் நிப்பேங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போல் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. கோபம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்குப் போகும் நேரத்தில் தபாலுக்குப் புறப்பட்டேன். முதல் திருப்பத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு முப்பது நாற்பது பேர், முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பழக்கத்தில் கை ஹார்னுக்குப் போனது. கையை எடுத்துக்கொண்டேன். முதல் கியரில் போட்டு, அவர்கள் நடக்கிற வேகத்துக்கே பின்னால் ஊர்ந்தேன். எஞ்சின் அவ்வளவு அமைதியாக ஓடியது, நான் வந்தது ஒருத்திக்கும் தெரியவில்லை. அதனால் அவர்கள் பேசியதெல்லாம் கேட்டது. பேச்செல்லாம் என்னைப் பற்றித்தான். பேரன் எடுத்த பிறகு தம்பையா அண்ணனுக்கு வந்த யோகத்தைப் பாரு என்று ஒருத்தி, அதான் வண்டியைக்கூட மெதுவா ஓட்டச் சொல்லி துரையே தொப்பியைக் கழட்டினாராம் என்று இன்னொருத்தி. நடுவில் போன பெரியாயியோ, இல்லை என்றும் சொல்லாமல் ஆமாம் என்றும் சொல்லாமல் நடந்துகொண்டிருந்தாள். எனக்குக் காது சுட்டது. ஒரு ஹார்ன் அடித்தால் எல்லாம் நின்றுவிடும், ஆனால் அடிக்கவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நெருங்கும்போதுதான் கடைசியில் போனவள் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டாள். மற்றவர்கள் அவசரமாகக் கூடையைப் பிடித்துக்கொண்டு கானுக்குள் இறங்கப் போனார்கள்.

"என்னண்ணே, வண்டி மறுபடியும் நின்னுபோச்சா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். "நீங்க நடங்க. நான் பின்னாலயே வாறேன்."